விழுந்த தென்னைக்கு என்ன வயது?

விழுந்து கிடக்கும் தென்னையைக் கையால் தடவிப் பார்த்தால் வளையம் வளையமாகத் தட்டுப்படும். ஒவ்வொரு வளையமும் ஒரு மட்டை உதிர்ந்த தழும்பு. நன்றாக வளர்கிற மரம் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு மட்டை விடும், அதாவது ஆண்டுக்குப் பன்னிரண்டு தழும்பு. தூரிலிருந்து எண்ணிக்கொண்டே போனால் அந்த மரம் எத்தனை ஆண்டு நின்றது என்று ஓரளவு சொல்லிவிடலாம். கஜா புயல் அடித்த 2018 நவம்பர் 16 விடிந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி, முத்துப்பேட்டை, வேதாரண்யம், ஆலங்குடி, கீரமங்கலம் பக்கமெல்லாம் தோப்பு தோப்பாக அந்தத் தழும்புகள் தரையில் கிடந்தன. சிலவற்றை நட்டவர்கள் உயிரோடு இல்லை. தாத்தா வைத்த மரம், பேரன் தலையெடுத்த காலத்தில் விழுந்தது.

கஜா புயலைப் பற்றி அந்த வாரங்களில் நிறைய எண்ணிக்கைகள் வந்தன. 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. இந்த எண்களெல்லாம் முக்கியமானவை. ஆனால் ஒரு விவசாய வட்டாரத்தைப் புயல் என்ன செய்தது என்று புரிந்துகொள்ள, எத்தனை மரம் விழுந்தது என்பதோடு அந்த மரங்களுக்கு என்ன வயது என்றும் கேட்க வேண்டும். நெல் போனால் ஒரு போகம் போகிறது. தென்னை போனால் ஏழெட்டு ஆண்டு வருமானம் போகிறது. நம்முடைய நிவாரண விதிகளும் காப்பீடும் பெரும்பாலும் போகக் கணக்கில் எழுதப்பட்டவை. கஜாவுக்குப் பிறகு நடந்த பலவற்றுக்கு இந்த இடைவெளிதான் காரணம் என்பது என் எண்ணம்.

வாடையாக வந்து தெற்கே திரும்பிய காற்று

கஜா என்ற பெயரைக் கொடுத்தது இலங்கை. யானை என்று பொருள். நவம்பர் 15 இரவு தாண்டி, 16ஆம் தேதி அதிகாலையில், நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. காற்று மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல். பிறகு மேற்கு நோக்கி உள்ளே நகர்ந்தது. டெல்டாவில் காற்றைத் தடுக்க ஒரு குன்று கூடக் கிடையாது. அதனால் கடலோரத்தோடு அடங்காமல், புதுக்கோட்டையைத் தாண்டி திண்டுக்கல், கொடைக்கானல் வரை சேதம் நீண்டது. கடைசியில் புயல் அரபிக் கடலுக்கே போய் இறங்கியது.

பொதுவாகத் தென்னை காற்றுக்குப் பெயர்போன மரம். மட்டைகள் கீற்றுக் கீற்றாகப் பிரிந்திருப்பதால் காற்றை ஊடே போகவிடும். தண்டு நாணல் போல வளைந்து கொடுக்கும். கடலோரத்தில் காலங்காலமாக நிற்பதற்கு அதுதான் காரணம். அப்படியிருந்தும் ஏன் இப்படி விழுந்தது?

முதல் காரணம் காற்றின் திசை. நம் பக்கத்துப் புயல் இடஞ்சுழியாகச் சுற்றுவது. மேற்கு நோக்கி நகரும் புயலின் பாதையில் ஓர் ஊர் இருந்தால், புயலின் மையம் வருவதற்கு முன் அங்கே காற்று வடக்கிலிருந்து அடிக்கும். மையம் தலைக்கு மேல் வரும்போது கொஞ்ச நேரம் அசைவே இருக்காது. புயல் முடிந்துவிட்டது என்று நினைத்து ஆட்கள் வெளியே வருவார்கள். அப்புறம் தெற்கிலிருந்து திருப்பி அடிக்கும். முதலில் வாடையாக வந்த காற்று ஒரு பக்கம் வேரை இழுத்துத் தளர்த்திவிட்டது. எதிர்த்திசைக் காற்று வந்தபோது பிடித்துக்கொள்ள அந்தப் பக்கத்து வேர் இல்லை.

இரண்டாவது, தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. தூரிலிருந்து ஆயிரக்கணக்கான சல்லிவேர்கள் கிளம்பும். அவற்றில் பெரும்பகுதி தூரைச் சுற்றி இரண்டு மீட்டருக்குள்ளும், மேலிருந்து ஒன்று ஒன்றரை மீட்டர் ஆழத்துக்குள்ளும்தான் இருக்கும். பாத்தியிலேயே தண்ணீர் கிடைக்கிற மரம் ஆழத்துக்குப் போகவேண்டிய தேவையும் இல்லை. புயலோடு வந்த மழையில் மண் இளகியது. மேலே முப்பது நாற்பது மட்டையும் குலை குலையாகக் காயும் சுமந்த கொண்டை. நீளமான கம்பின் நுனியில் பாரத்தைக் கட்டி ஆட்டியது போலத்தான். வேரோடு சாய்ந்தவை ஒரு வகை, நடுத்தண்டில் முறிந்தவை ஒரு வகை. கொண்டை மட்டும் திருகிப்போய் மரம் மொட்டையாக நின்றது இன்னொரு வகை.

மூன்றாவது விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. மாவோ வேம்போ முறிந்தால் பக்கக் கிளை துளிர்க்கும். காயம் மூடிக்கொண்டு மரம் மறுபடி பருக்கும். தென்னைக்கு அந்த வசதி இல்லை. புல், நெல், மூங்கில் மாதிரி ஒருவித்திலைத் தாவரம் அது. தண்டு ஒருமுறை உருவான பிறகு பருக்காது, காயமும் மூடாது. வளர்வதற்கு இருக்கும் ஒரே இடம் உச்சியில் உள்ள குருத்து. குருத்து போனால் மரம் நின்றுகொண்டிருந்தாலும் செத்த மரம்தான். புயல் ஓய்ந்த அன்று ‘நிற்கிறதே’ என்று ஆறுதல் அடைந்தவர்கள் சில மாதம் கழித்து அந்த மரங்களும் கருகியதைப் பார்க்க நேர்ந்தது.

கடைமடையில் தென்னை வந்த கதை

வெளியூர்க்காரர்களுக்குத் தஞ்சாவூர் என்றால் நெல். தென்னை எங்கே வந்தது என்று கேட்பார்கள். 1934இல் மேட்டூர் அணை கட்டி முடித்தபோதே கல்லணைக் கால்வாயும் வந்தது. பழைய டெல்டாவுக்குத் தெற்கே இருந்த மேட்டுப் பூமிக்கு, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி, அறந்தாங்கி வரை, காவிரித் தண்ணீர் வந்தது அதற்குப் பிறகுதான். இந்தப் பகுதியில் அதைப் புது ஆறு என்றே சொல்வார்கள். ஆனால் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேருவது எப்போதும் சந்தேகம். மேட்டூரில் திறந்தது வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து கடைசி வயலைத் தொடும்போது பயிர் வாடியிருக்கும். காவிரிச் சண்டை முற்ற முற்ற, நெல்லை நம்ப முடியாத குடும்பங்கள் ஆழ்துளைக் கிணறு போட்டு, தென்னை வைத்தன. விவசாய மோட்டாருக்கு இலவச மின்சாரம் இருந்தது. தென்னைக்கு ஆள் கூலி குறைவு. 45 நாளுக்கு ஒரு வெட்டு. காய் வெட்டினால் கையில் காசு.

இந்த 45 நாள் கணக்கைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நெல் விவசாயிக்கு வருமானம் ஆண்டுக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோதான். தோப்புக்காரருக்கு அது சம்பளம் மாதிரி. பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம், மருந்துச் செலவு, நகைக்கடன் வட்டி எல்லாம் அந்த வெட்டை நம்பி ஏற்பாடு செய்தவை. தண்ணீரை நம்ப முடியாது என்று கண்டு, அரைத் தலைமுறைக் காலம் உழைத்து அந்தக் குடும்பங்கள் கண்டுபிடித்த பாதுகாப்பு அது. அதைத்தான் ஒரு ராத்திரியில் காற்று பிடுங்கிப் போட்டது.

அதே ராத்திரியில் இளஞ்சம்பா நெல் பெரும்பாலான வயல்களில் படுத்து எழுந்துவிட்டது. உயரம் குறைந்த பயிருக்குக் காற்று அவ்வளவு கேடு செய்யாது. வாழை முறிந்தது. ஆனால் வாழை ஓராண்டுப் பயிர், பக்கக் கன்றிலிருந்து மறுபடி எழுப்பலாம். கீரமங்கலம் வட்டாரத்துப் பலாவும், வேதாரண்யம் பக்கத்து மாவும் சவுக்கும் தென்னையின் கதையைப் பகிர்ந்துகொண்டன. வேதாரண்யத்துக்கு அருகே புஷ்பவனத்தில் கடல் சேற்றையே கரையில் கொண்டுவந்து கொட்டியது. கோடியக்கரைச் சரணாலயத்தில் மான்கள் செத்து ஒதுங்கின. முத்துப்பேட்டை அலையாத்திக் காடு இலையை இழந்து நின்றது.

கம்பம் நிமிர்ந்தால்தான் தண்ணீர்

மின்கம்பங்கள் சாய்ந்ததை எல்லோரும் வெளிச்சப் பிரச்சினையாகவே பார்த்தார்கள். இந்த வட்டாரத்தில் அது முதலில் தண்ணீர்ப் பிரச்சினை. குடிக்கும் தண்ணீரும் மோட்டாரால்தான் மேலே ஏற வேண்டும், தோப்புக்குப் போகும் தண்ணீரும் அப்படித்தான். மற்ற மாவட்டங்களிலிருந்தும் பக்கத்து மாநிலங்களிலிருந்தும் மின் ஊழியர்கள் வந்தார்கள். சேற்று வயலில் வண்டி இறங்காத இடங்களில் கம்பத்தைத் தோளில் சுமந்து போனார்கள். அவர்களுக்கு இந்த மக்கள் எவ்வளவு கடன்பட்டிருக்கிறார்கள் என்பது அந்த வாரங்களில் அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். நகரங்களுக்கு மின்சாரம் முதலில் திரும்பியது, அப்புறம் கிராமத் தெருக்களுக்கு. வயலுக்குள் போகும் மோட்டார் லைன் கடைசி. தப்பிப் பிழைத்த மரத்துக்கும் சாய்ந்து நிமிர்த்திய இளங்கன்றுக்கும் தண்ணீர் மிகவும் தேவைப்பட்ட நேரம் அது. ஆயில் இன்ஜின் வைத்திருந்தவர்கள் வாடகைக்கு விட்டார்கள். இல்லாதவர்கள் காத்திருந்தார்கள்.

செத்த மரத்தில் பிறக்கும் வண்டு

விழுந்த மரத்தை அப்புறப்படுத்துவது வெறும் சுத்தம் செய்யும் வேலை என்று நினைக்கக் கூடாது. தென்னைக்கு இரண்டு பெரிய எதிரிகள். ஒன்று காண்டாமிருக வண்டு, இன்னொன்று சிவப்புக் கூன்வண்டு. காண்டாமிருக வண்டு குருத்தைத் துளைக்கும். அது கடித்த குருத்து விரியும்போது மட்டை விசிறி மாதிரி வெட்டுப்பட்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் அது முட்டையிடுவது உயிருள்ள மரத்தில் இல்லை. எருக்குழி, மக்கிய குப்பை, செத்து உளுத்துப்போன தென்னந்தண்டு இவைதான் அதற்குத் தொட்டில். கூன்வண்டோ காயம்பட்ட மரத்தைத் தேடி வரும். அடிபட்ட தண்டிலிருந்து கசியும் சாற்றின் வாடை அதற்கு அழைப்பு. அதன் புழு தண்டுக்குள்ளேயே இருந்து குடையும். வெளியே தெரிவதற்குள் மரம் உள்ளே கூழாகியிருக்கும்.

இப்போது நாட்காட்டியைப் பாருங்கள். நவம்பரில் மரம் விழுந்தது. தண்டு உளுக்கச் சில மாதம். முட்டை, புழு, கூட்டுப்புழு என்று வளர்ந்து வண்டு வெளிவரச் சில மாதம். அதாவது 2019 மழைக்காலத்தை ஒட்டி, புதுத் தென்னம்பிள்ளைகளை வைக்கிற அதே நேரத்தில், செத்த மரங்களிலிருந்து வண்டுகள் கிளம்பத் தயாராக இருக்கும். இளம்பிள்ளைக்கு ஒரே குருத்து. வண்டு ஒரு தடவை துளைத்தால் போதும். ஆக, வெட்டி அகற்றாமல் விட்ட தோப்பு அடுத்த தோப்புக்கும் ஆபத்து. பக்கத்து நிலத்துக்காரர் வெளிநாட்டில் இருந்தாலோ, மரம் வெட்டக் கையில் காசில்லாமல் இருந்தாலோ, அவர் வரப்பில் வண்டு நிற்கப் போவதில்லை.

அகற்றுவது லேசான காரியமும் இல்லை. ஓர் ஏக்கரில் எழுபது மரம் என்றால் எழுபது தண்டு, எழுபது தூர். மிஷின் வைத்து அறுக்க வேண்டும், ஜேசிபி வைத்துத் தூரைப் பிடுங்க வேண்டும், வண்டி வைத்து ஏற்ற வேண்டும். ஒட்டுமொத்த வட்டாரமும் ஒரே நேரத்தில் மரத்தை விற்க வந்தால் மரத்துக்கு என்ன விலை கிடைக்கும்? செங்கல் சூளைகளுக்குப் போனது போக மீதி வரப்போரம் குவிந்தது. கொளுத்தியவர்கள் உண்டு. குழி வெட்டிப் புதைத்தவர்களும் உண்டு.

இதே சிக்கலைப் பிலிப்பைன்ஸ் 2013இல் சந்தித்தது. அந்த ஆண்டு நவம்பர் 8 அன்று ஹையான் புயல் லேய்ட்டே, சாமார் தீவுகளைத் தாக்கியதில் சுமார் 3.3 கோடி தென்னைகள் சேதமாயின. அங்கே தென்னை மரத்தைப் பலகையாக அறுத்து வீட்டு வேலைக்குப் பயன்படுத்தும் பழக்கம் முன்பே உண்டு. சங்கிலி ரம்பங்களையும் இடம்பெயர்க்கக்கூடிய சிறு மர அறுவை இயந்திரங்களையும் தோப்புக்கே கொண்டுபோனார்கள். விழுந்த மரம் இடிந்த வீட்டுக்கு உத்தரமானது. வண்டுக்குத் தொட்டில் குறைந்தது. மரம் விழுந்த இடத்தில் வெயில் படுகிறதே என்று காய்கறியும் மக்காச்சோளமும் போட்டார்கள். எல்லாம் கச்சிதமாக நடந்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன். ஆனால் விழுந்த மரத்தை முதல் நாளிலிருந்தே ஒரு பொருளாகவும் ஓர் அபாயமாகவும் சேர்த்துப் பார்த்தார்கள். நம் பக்கம் பெரும்பாலும் அது எண்ணிக்கைக்கு உரிய சேதமாகவே கிடந்தது. கணக்கெடுப்பு முடியும்வரை மரத்தைத் தொட்டால் நிவாரணம் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயமும் அதில் சேர்ந்துகொண்டது.

1,100 ரூபாய் எதற்கு?

மாநில அரசு ஒரு தென்னைக்கு 1,100 ரூபாய் அறிவித்தது. அதில் 600 ரூபாய் மரத்துக்கு, 500 ரூபாய் வெட்டி அகற்ற. ஹெக்டேருக்கு 175 மரம் என்று வைத்து 1,92,500 ரூபாய். இந்த 175 எங்கிருந்து வந்தது? தென்னைக்குப் பரிந்துரைக்கும் இடைவெளி 25 அடிக்கு 25 அடி. அப்படி நட்டால் ஒரு ஹெக்டேரில் 175 மரம் நிற்கும். ஏக்கருக்கு எழுபது. பாடப்புத்தகப்படி சரி. ஆனால் சிறு விவசாயி கொஞ்சம் நெருக்கி நட்டிருப்பார், வரப்போரத்திலும் நாலு வைத்திருப்பார், வீட்டுக் கொல்லையிலும் ரெண்டு நின்றிருக்கும். ஹெக்டேர் கணக்கு வந்தால் கூடுதல் மரங்கள் கணக்கில் கரைந்துவிடும்.

இந்தத் தொகை ஏன் போதவில்லை என்று குறை சொல்வதற்கு முன், இதுவே எப்படி விதியை மீறிய தொகை என்பதையும் சொல்ல வேண்டும். பேரிடர் நிவாரண நிதிக்கு மத்திய அரசு வகுத்த விதி ஒன்று உண்டு. அப்போது நடைமுறையில் இருந்த விதிப்படி, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேதமான பல்லாண்டுப் பயிருக்கு ஹெக்டேருக்கு 18,000 ரூபாய். அதுவும் ஒருவருக்கு இரண்டு ஹெக்டேர் வரைதான். அதை 175ஆல் வகுத்தால் ஒரு தென்னைக்குச் சுமார் 103 ரூபாய் வரும். அந்த விதியில் இதற்குப் பெயர் இடுபொருள் மானியம். அதாவது அடுத்த விதைப்புக்கு விதை, உரம் வாங்க உதவி. அடுத்த போகம் என்று ஒன்று சில மாதத்தில் வரும் பயிருக்குப் பொருந்துகிற யோசனை அது. அடுத்த போகம் ஏழாண்டு தள்ளி இருக்கிற மரத்துக்கும் அதே யோசனையைப் போட்டிருக்கிறார்கள். மாநில அரசு தன் பணத்தைச் சேர்த்து 600 ஆக்கியது. சுமார் 15,000 கோடி ரூபாய் கேட்டு அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி நவம்பர் 22 அன்று பிரதமரைச் சந்தித்தார். டிசம்பர் இறுதியில் மத்திய அரசு ஒப்புதல் தந்தது சுமார் 1,146 கோடி. கேட்டதற்கும் கிடைத்ததற்கும் இவ்வளவு தூரம் இருப்பதற்கு அரசியல் காரணம் சொன்னவர்கள் உண்டு. ஆனால் விதிப்புத்தகத்தில் இருக்கும் தொகைகளே இவ்வளவு சிறியதாக இருக்கும்போது, பெருக்கிப் பார்த்தால் வேறென்ன வரும்?

சரி, 600 ரூபாயை ஒரு குடும்பத்தின் கண்ணால் பார்ப்போம். நல்ல நெட்டை ரக மரம் ஆண்டுக்கு 80 காய் கொடுக்கும். காய்க்குப் பத்து ரூபாய் என்று குறைத்துப் போட்டாலும் 800 ரூபாய். ஆக, நிவாரணம் ஒரு மரத்தின் ஓராண்டு வருமானத்துக்குக் கூட எட்டாது. வேறு விதமாகவும் பார்க்கலாம். அகற்றும் செலவு போக ஹெக்டேருக்கு நிற்பது 1,05,000 ரூபாய். புதுப் பிள்ளை காய்க்க ஏழாண்டு. ஆண்டுக்கு 15,000. ஏக்கருக்குச் சுமார் 6,000. மாதத்துக்கு 500 ரூபாய். மறுநடவுக்குத் தனியாக உதவி கொடுத்தார்கள் என்பது உண்மை. ஆனால் அது நிலத்துக்குள் போகிற பணம். ஏழாண்டு அந்த வீட்டில் அடுப்பெரிய வேண்டிய பணம் இந்த 500தான்.

தானே புயல் கடலூரைத் தாக்கியது 2011 டிசம்பர் 30. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. அப்போதே மரப்பயிர் வேறு, போகப்பயிர் வேறு என்று தெரிந்துவிட்டது. அதற்கும் கஜாவுக்கும் நடுவில் ஏழு ஆண்டு இருந்தது. விதியை மாற்றியிருக்க அது போதுமான காலம் என்றே எனக்குப் படுகிறது.

காப்பீடு இருந்ததா என்றால், இருந்தது. தென்னை வளர்ச்சி வாரியத்தின் தென்னைக் காப்பீட்டுத் திட்டம் 2009-10 முதலே நடப்பில் இருந்தது. 4 முதல் 15 வயது மரத்துக்குக் காப்பீட்டுத் தொகை 900 ரூபாய், பிரீமியம் 9 ரூபாய். 16 முதல் 60 வயது மரத்துக்கு 1,750 ரூபாய், பிரீமியம் 14 ரூபாய். அந்த பிரீமியத்திலும் பாதியை வாரியமும் கால் பங்கை மாநில அரசும் ஏற்றன. விவசாயி கட்ட வேண்டியது மரத்துக்கு 2 ரூபாய் 25 காசு, அல்லது 3 ரூபாய் 50 காசு. மரத்துக்கு வயது உண்டு என்பதை ஒப்புக்கொண்ட திட்டம் இது. நூறு மரம் வைத்திருப்பவர் ஆண்டுக்கு 350 ரூபாய் கட்டியிருந்தால் எவ்வளவு வித்தியாசமாக இருந்திருக்கும்! ஆனால் தோப்பு வைத்திருந்த பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அன்று நெல்லுக்குக் கடன் வாங்கினால் கூட்டுறவுச் சங்கத்திலேயே பிரீமியத்தைப் பிடித்துக்கொண்டார்கள். தென்னைக்கு விவசாயி தானாகத் தேடிப்போய்ச் சேர வேண்டியிருந்தது. தென்னை காற்றில் விழாது என்ற நம்பிக்கையும் சேர்ந்து, தேடிப்போனவர்கள் சொற்பம்.

அடங்கலில் இல்லாதவர்கள்

நிவாரணம் காகிதத்தைத் தேடித்தான் வரும். கிராம நிர்வாக அலுவலர் கேட்பது பட்டா, சிட்டா, எந்த நிலத்தில் என்ன பயிர் என்று சொல்லும் அடங்கல், வங்கிப் புத்தகம். பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கும். கூட்டுப் பட்டாவில் ஐந்து பேர், அதில் இருவர் சிங்கப்பூரில். கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் வாய்வார்த்தைக் குத்தகைக்கு எடுத்துத் தலைமுறையாகத் தென்னை வளர்த்தவரிடம் காட்ட ஒரு சீட்டு கூட இருக்காது. மரம் அவர் வைத்தது, தண்ணீர் அவர் பாய்ச்சியது, நிலம் மட்டும் வேறு பெயரில்.

இவர்களாவது எங்காவது ஒரு வரிசையில் நிற்க முடிந்தது. தென்னையை நம்பி இன்னொரு கூட்டம் இருந்தது. மரம் ஏறிக் காய் வெட்டுபவர், மட்டை உரிப்பவர், காய் சுமப்பவர், கொப்பரை உலர்த்தும் களத்தில் வேலை செய்பவர், கீற்று முடையும் பெண்கள், கயிற்று ஆலைகளில் நார் பிரிக்கும் பெண்கள். இவர்கள் பெயரில் ஒரு மரமும் இல்லை. ஆகவே இவர்கள் இழந்த மரம் ஒன்றுமில்லை என்று கணக்கு சொல்லும். நாளுக்கு நாற்பது ஐம்பது மரம் ஏறுகிறவருக்கு, ஏற மரமே இல்லாமல் போனது வேலையிழப்பு. புயல் தந்த வேலையிழப்பை எழுத நம் படிவங்களில் கட்டம் இல்லை. முதல் சில மாதம் மரம் அறுக்கும் வேலை கொஞ்சம் கைகொடுத்தது. தோப்பு வெறுமையான பிறகு அதுவும் நின்றது. குடிசை இழந்த வீட்டில் வேலையும் போனால், இளைஞர்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் பஸ் ஏறுவதில் ஆச்சரியம் இல்லை.

பிள்ளை வைப்பது

தென்னங்கன்றை இந்தப் பக்கம் பெரும்பாலும் பிள்ளை என்பார்கள். பிள்ளை வளர்ப்பது மாதிரிதான் அதுவும். மூன்றடிக்கு மூன்றடி குழி. பழைய தூர் இருந்த இடத்திலேயே வைத்தால் உளுத்த வேரும் வண்டும் தொல்லை, தள்ளி வைத்தால் வரிசை கலைகிறது. முதல் கோடைக்கு நிழல் கட்ட வேண்டும். குருத்தடியில் வேப்பங்கொட்டைத் தூளையும் மணலையும் கலந்து போட்டு வைத்தால் வண்டு அண்டாது.

எந்தப் பிள்ளையை வைப்பது என்பது பெரிய கேள்வி. நெட்டை காய்க்க ஆறேழு ஆண்டு ஆகும், ஆனால் அறுபது ஆண்டு நிற்கும். குட்டை நாலாம் ஆண்டில் பாளை விடும், ஆனால் ஆயுள் குறைவு, வறட்சியும் பூச்சியும் சீக்கிரம் பிடிக்கும். நெட்டையும் குட்டையும் கலந்த வீரிய ஒட்டு ரகம் இரண்டுக்கும் நடுவில். கடன் நெருக்கும் குடும்பம் சீக்கிரம் காய்ப்பதைத்தான் கேட்கும், அதில் தவறில்லை. நல்ல பிள்ளை எடுப்பதற்குத் தாய்மரம் பார்க்க வேண்டும். ஆண்டு தவறாமல் காய்த்த, திடமான மரத்தின் நெற்றை, அதாவது நன்கு முற்றிய காயை, நாற்றங்காலில் ஊன்றி, ஓராண்டு வளர்த்து, தூர் பருத்து, இலை சீக்கிரம் பிரிந்த கன்றாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த வட்டாரத்துத் தாய்மரங்களில் பெரும்பகுதி விழுந்து கிடந்தது. வேப்பங்குளத்தில் தென்னைக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, ஆனால் லட்சக்கணக்கில் கன்று ஒரே ஆண்டில் எங்கிருந்து வரும்? வெளி மாவட்டங்களிலிருந்து லாரியில் வந்தவற்றில் எது நெட்டை, எது ஒட்டு என்பது விற்றவர் சொன்ன வார்த்தைதான். தவறான பிள்ளையை வைத்தோம் என்பது ஆறாம் ஆண்டில்தான் தெரியும்.

தப்பிய மரங்களின் கதையும் நேராக முடியவில்லை. தென்னையில் ஒரு பாளையின் கரு உள்ளே தோன்றியதிலிருந்து அது வெடித்து வெளிவர ஏறத்தாழ 32 மாதம். அதற்குப் பிறகு காய் முற்ற இன்னும் 12 மாதம். ஆக 44 மாதம். 2018 நவம்பரில் மட்டை கிழிந்து, வேர் அறுந்து, தண்ணீரின்றி நின்ற மரத்துக்குள் அப்போது உருவாகிக்கொண்டிருந்த பாளைகளெல்லாம் அந்த அடியை வாங்கியவை. குரும்பை, அதாவது பிஞ்சு, உதிர்வது உடனே தெரியும். மற்றது மெதுவாக, 2022 வரை கூட, குலை குறைந்து தெரியலாம். சேதக் கணக்கெடுப்போ சில வாரத்தில் முடிந்துவிட்டது. நின்ற மரம் சேதமில்லாத மரம்.

இடைப்பட்ட ஆண்டுகளை ஓட்ட, பிள்ளைகளுக்கு நடுவில் உளுந்தும் நிலக்கடலையும் எள்ளும் போட்டார்கள். சிலர் வாழை வைத்தார்கள். நிழல் விழுந்து கிடந்த நிலத்தில் இருபது முப்பது ஆண்டு கழித்து வெயில் பட்டது. இதற்குக் கைமுதல் வேண்டும், தண்ணீர் வேண்டும், ஆள் வேண்டும். ஏழாண்டுப் பயிருக்கு ஏழாண்டுக்குப் பிரித்துக் கொடுக்கும் உதவி இருந்திருந்தால், ஆண்டுக்கு ஆண்டு பிள்ளை உயிரோடு இருக்கிறதா என்று பார்த்து, அடுத்த தவணை கொடுத்திருக்கலாம். கடனைத் தள்ளி வைப்பதும் ஓராண்டுக்கு என்று இல்லாமல், மரம் காய்க்கும் வரை என்று இருந்திருக்கலாம். ஒரே தடவை கொடுத்த பணம் கூரைக்கும் பழைய கடனுக்கும் போயிற்று. போகத்தானே செய்யும்.

2019இல் வைத்துப் பிழைத்த நெட்டைப் பிள்ளைகளுக்கு இது முதல் பாளை வெடிக்கும் பருவம். குலை இன்னும் தலை உயரத்துக்குக் கொஞ்சம் மேலேதான் இருக்கிறது. கீழே நின்றபடியே துரட்டியால் இழுத்துவிடலாம், ஏற ஆள் வேண்டியதில்லை. ஆள் தேவைப்படும் உயரத்துக்கு மரம் போக இன்னும் பல ஆண்டு ஆகும். அப்போது ஏறத் தெரிந்தவர் யார் அந்த ஊரில் இருப்பார் என்பதை இப்போதே யாராவது யோசித்தாக வேண்டும்.